கொடிவழிப் படம்

கொடிவழிப் படம் என்பது ஒரு குடும்பத்தைச் சேர்ந்தோரையும் அவர்களுக்கிடையே உள்ள பிறப்பு, திருமண உறவுகளையும் குறியீடுகளாலும் கோடுகளாலும் காட்டும் வரைபடம் ஆகும். குடும்ப மரம், வம்சாவளிப் படம் ஆகிய பெயர்களாலும் இது அழைக்கப்படுகிறது. வரலாறு, சட்டம், மருத்துவம், மானிடவியல் ஆகிய துறைகளில் இப்படங்கள் பயன்படுகின்றன. ஒரே குடும்பத்தின் தரவுகளைப் பல வடிவங்களில் வரைய இயலும். எந்த வடிவம் தேர்ந்தெடுக்கப்படுகிறது என்பதைப் பொறுத்தே படத்தில் யார் தோன்றுகின்றனர், யார் மறைகின்றனர் என்பது அமைகிறது. சொத்துரிமை, அரசுரிமை, பரம்பரை நோய் போன்றவை இப்படங்களைக் கொண்டு தீர்மானிக்கப்படுவதால் இத்தேர்வு முக்கியத்துவம் பெறுகிறது.

பெயர்

தமிழில் கொடிவழி என்னும் சொல் மரபுத் தொடர்ச்சியைக் குறிக்கும். ஒரு வேரிலிருந்து கிளைத்துப் படரும் கொடி இங்கு உவமையாகிறது. ஐரோப்பிய மொழிகளில் மரமே பெரும்பாலும் உவமையாகக் கொள்ளப்பட்டது. ஆங்கிலத்தில் வழங்கும் பெடிகிரீ என்னும் சொல், பழைய பிரெஞ்சு மொழியில் கொக்கின் கால் என்று பொருள்படும் தொடரிலிருந்து வந்தது. பழைய ஏடுகளில் பெற்றோரையும் பிள்ளைகளையும் இணைத்த, மூன்றாகப் பிரியும் கோடு பறவையின் பாதத்தை ஒத்திருந்ததே இதற்குக் காரணம் ஆகும்.

வரலாறு

பண்டைய உரோமில் உயர்குடியினர் தம் இல்லத்தின் முன்கூடத்தில் முன்னோரின் உருவங்களை வைத்து, அவற்றைக் கோடுகளால் இணைத்துக் காட்டும் வழக்கம் இருந்தது. இடைக்கால ஐரோப்பாவில் இரத்த உறவுப் படங்கள் திருச்சபைச் சட்டத்தின் கருவிகளாயின. நெருங்கிய உறவினர் மணம் செய்துகொள்வதைத் திருச்சபை தடை செய்திருந்தமையால், மணமக்களுக்கிடையே எத்தனை தலைமுறை இடைவெளி உள்ளது என்பதைக் கணக்கிட இவை உதவின. 1215 ஆம் ஆண்டில் கூடிய நான்காம் இலாத்தரன் பொதுச்சங்கம் இத்தடையை ஏழாம் படியிலிருந்து நான்காம் படியாகக் குறைத்தது.

இதே காலப்பகுதியில் ஈசாய் மரம் எனப்படும் ஓவிய மரபு பரவியது. படுத்திருக்கும் ஈசாயின் உடலிலிருந்து எழும் மரத்தில் இயேசுவின் முன்னோர் அமர்ந்திருப்பதாக இவ்வோவியங்கள் அமைந்தன. பிரான்சின் சார்த்ரு பேராலயத்தில் 12 ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த இத்தகைய வண்ணக் கண்ணாடிச் சாளரம் இன்றும் உள்ளது. மூதாதையை அடியிலும் வழித்தோன்றலை உச்சியிலும் வைக்கும் முறை இவ்வோவியங்களால் பரவலாக அறியப்பட்டது. இன்றைய படங்கள் பலவற்றில் இம்முறை தலைகீழாகி, மூதாதையர் மேலேயும் வழித்தோன்றல்கள் கீழேயும் இடம்பெறுகின்றனர்.

தென்னிந்தியாவில் அரச மரபுகள் படமாக வரையப்படாமல் செய்யுளாகவே பெரிதும் பதிவு செய்யப்பட்டன. இராசேந்திர சோழன் காலத்துத் திருவாலங்காட்டுச் செப்பேடுகளின் வடமொழிப் பகுதி, சூரியனில் தொடங்கிப் புராண அரசர்கள் வழியாக வரலாற்றுக்காலச் சோழர் வரை ஒரே தொடராகச் சொல்கிறது. இத்தகைய பதிவுகள் ஆட்சியின் தொடர்ச்சியையே காட்டுகின்றன. மன்னனுடன் பிறந்த அனைவரையும் அவை கூறுவதில்லை.

மரமும் வலையும்

குடும்ப மரம் என்று அழைக்கப்பட்டாலும், கணித நோக்கில் ஒரு குடும்பத்தின் முழுமையான உறவுத் தொகுப்பு மரம் அன்று. கோட்டுருவியலில் மரம் என்பது இரு புள்ளிகளுக்கிடையே ஒரேயொரு பாதையை மட்டும் கொண்ட அமைப்பாகும். குடும்பத்திலோ ஒவ்வொருவருக்கும் தாய், தந்தை என இரு வழிகள் உள்ளன. உறவினருக்குள் மணம் நிகழும்போது பிரிந்த கிளைகள் மீண்டும் ஒன்று சேர்கின்றன. எனவே இது திசை கொண்ட, சுழற்சி அற்ற கோட்டுரு ஆகும். எவரும் தமக்குத் தாமே மூதாதையாக இருக்க இயலாது என்பதால் சுழற்சி இல்லை. ஆனால் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குப் பல பாதைகள் இருக்கக்கூடும்.

இவ்வலையிலிருந்து ஒரு பகுதியை மட்டும் வெட்டி எடுக்கும்போதே மர வடிவம் கிடைக்கிறது. ஒருவரின் மூதாதையரை மட்டும் எடுத்தால் ஒரு மரமும், வழித்தோன்றல்களை மட்டும் எடுத்தால் வேறொரு மரமும் உருவாகும். வெட்டப்பட்ட பகுதியில் எவை விடுபட்டன என்பது படத்தைப் பார்ப்பவருக்குத் தெரிவதில்லை.

வகைகள்

- மூதாதையர் படம்: ஒருவரில் தொடங்கித் தாய், தந்தை, பாட்டன், பாட்டி எனப் பின்னோக்கிச் செல்வது. உடன்பிறந்தோர் பொதுவாக இதில் இடம்பெறுவதில்லை.
- வழித்தோன்றல் படம்: ஒரு முன்னோரிலோ இணையரிலோ தொடங்கி முன்னோக்கி வருவது. மணம் முடித்து வந்தவர்களின் பெற்றோர் இதில் பெரும்பாலும் காட்டப்படுவதில்லை.
- மணற்கடிகைப் படம்: ஒருவரை நடுவில் வைத்து, மேலே மூதாதையரையும் கீழே வழித்தோன்றல்களையும் காட்டுவது.
- விசிறிப் படம்: நடுவில் ஒருவரை வைத்து, ஒவ்வொரு தலைமுறையையும் ஒரு வளையமாகச் சுற்றி அமைப்பது.
- உறவு வலைப் படம்: கிளைகள் ஒன்று சேர்வதை மறைக்காமல், ஒவ்வொருவரையும் ஒரே இடத்தில் மட்டும் வரைந்து எல்லா உறவுகளையும் காட்டுவது.

மூதாதையர் படத்தின் முதன்மையான சிக்கல் இடப் பற்றாக்குறை ஆகும். ஒவ்வொரு தலைமுறை பின்னோக்கிச் செல்லும்போதும் இடங்களின் எண்ணிக்கை இரு மடங்காகிறது. பத்தாவது தலைமுறையில் 1024 இடங்கள் தேவை. ஒரு பெயருக்கு 3 சென்டிமீட்டர் அகலம் என்று கொண்டால், அவ்வரிசை மட்டும் ஏறத்தாழ 30 மீட்டர் நீளும். விசிறிப் படம் இச்சிக்கலைத் தள்ளிப்போடுகிறதே அன்றித் தீர்ப்பதில்லை. 3 சென்டிமீட்டர் அகலமுள்ள பத்து வளையங்களை வரைந்தால் வெளி வட்டத்தின் சுற்றளவு சுமார் 188 சென்டிமீட்டர் ஆகும். அதில் 1024 பெயர்களை எழுத ஒவ்வொன்றுக்கும் இரண்டு மில்லிமீட்டர்கூடக் கிடைக்காது.

எண்ணிடும் முறை

மூதாதையர் படத்துக்கு எளிய எண் முறை ஒன்று உண்டு. மிக்கேல் ஐட்சிங்கர் 1590 ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் இது காணப்படுகிறது. 1898 ஆம் ஆண்டில் இசுடீபன் கெக்குலே வான் இசுட்ராடோனிட்சு என்னும் செருமானியர் இதைப் பரப்பினார். இம்முறையில் படத்துக்கு உரியவர் 1 என்னும் எண்ணைப் பெறுவார். எவருடைய எண்ணையும் இரண்டால் பெருக்கினால் அவருடைய தந்தையின் எண்ணும், அத்துடன் ஒன்றைக் கூட்டினால் தாயின் எண்ணும் கிடைக்கும். ஆகவே 1 ஐத் தவிர்த்த இரட்டை எண்கள் ஆண்களையும் ஒற்றை எண்கள் பெண்களையும் குறிக்கும்.

இம்முறையைக் கொண்டு ஒரு குடும்பத்தில் கிளைகள் எங்கே ஒன்று சேர்கின்றன என்பதைக் கண்டறியலாம். ஒரே மனிதருக்கு ஒன்றுக்கு மேற்பட்ட எண்கள் அமைந்தால் அவர் பல வழிகளில் மூதாதை ஆகிறார். இது முன்னோர் ஒடுக்கம் எனப்படுகிறது.

எடுத்துக்காட்டு: இரண்டாம் சார்லஸ்

ஸ்பெயின் நாட்டை ஆண்ட ஆப்சுபர்க் மரபின் கடைசி மன்னரான இரண்டாம் சார்லஸ் (1661–1700) முன்னோர் ஒடுக்கத்துக்குப் பெரிதும் எடுத்துக்காட்டப்படுபவர். இவருடைய தந்தை நான்காம் பிலிப், தம் தங்கை மரியா ஆனாவின் மகளான மரியானாவை 1649 இல் மணந்தார். அதாவது மரியானாவுக்கு அவர் தாய்மாமன் ஆவார். சார்லஸின் முன்னோர் எண்கள் பின்வருமாறு அமைகின்றன:

- 1: இரண்டாம் சார்லஸ்
- 2: நான்காம் பிலிப்
- 3: மரியானா
- 4: மூன்றாம் பிலிப்
- 5: ஆஸ்திரியாவின் மார்கரெட்
- 6: பேரரசர் மூன்றாம் பெர்டினாண்டு
- 7: மரியா ஆனா
- 14: மூன்றாம் பிலிப் (4 ஆம் எண்ணில் உள்ளவரே)
- 15: ஆஸ்திரியாவின் மார்கரெட் (5 ஆம் எண்ணில் உள்ளவரே)

மூன்றாம் பிலிப் சார்லஸுக்குத் தந்தைவழியில் பாட்டனாகவும் தாய்வழியில் பூட்டனாகவும் அமைகிறார். மேலும் பின்னோக்கிச் சென்றால், மார்கரெட்டின் தந்தையான ஆஸ்திரிய இளவரசர் சார்லஸ் 10, 24, 30 ஆகிய மூன்று எண்களைப் பெறுகிறார். அவரும் தம் தமக்கையின் மகளையே மணந்தவர். மூன்றாம் பிலிப்பின் தந்தை இரண்டாம் பிலிப்பும் தம் தங்கை மகளை மணந்தவரே. இவ்வாறு மூன்று தாய்மாமன் திருமணங்கள் இப்படத்தில் அடுத்தடுத்து வருகின்றன.

மாமனுக்கும் மருமகளுக்கும் பிறக்கும் குழந்தையின் உட்கலப்புக் கெழு, வேறு உறவு இல்லாத நிலையில், 0.125 ஆகும். ஸ்பானிய ஆய்வாளர்கள் 2009 ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், பல தலைமுறைகளைக் கொண்ட கொடிவழியைக் கணக்கிட்டு, இரண்டாம் சார்லஸின் கெழு 0.254 என்று கண்டனர். இது உடன்பிறந்த இருவருக்குப் பிறக்கும் குழந்தைக்குரிய 0.25 என்னும் அளவைவிடச் சற்று மிகுதியானது. பெற்றோரின் உறவை மட்டும் காட்டும் சிறிய படத்தில் இந்த வேறுபாடு புலப்படாது. பெயர்களைத் திரும்பத் திரும்ப எழுதும் சாதாரண மூதாதையர் படத்திலும் இது எளிதில் தெரிவதில்லை. ஒருவரை ஒரே இடத்தில் மட்டும் வரையும் உறவு வலைப் படமே இதைத் தெளிவாகக் காட்டும்.

பெண்களின் இடம்

பல பண்பாடுகளில் கொடிவழிகள் தந்தைவழியை மட்டுமே பின்பற்றி எழுதப்பட்டன. மகள்கள் விடுபட்டனர், அல்லது பெயரின்றி எண்ணிக்கையாக மட்டும் குறிக்கப்பட்டனர். சீனாவில் கன்பூசியசு குடும்பத்தின் குடிவழி நூலில் 2009 ஆம் ஆண்டுப் பதிப்பில்தான் பெண்கள் முதன்முதலாகச் சேர்க்கப்பட்டனர். அப்பதிப்பு 20 இலட்சத்துக்கும் மேற்பட்ட பெயர்களைக் கொண்டது.

இத்தகைய விடுபடல் வரலாற்றையே விளங்காமல் செய்துவிடும். இரண்டாம் சார்லஸ் பிள்ளையின்றி 1700 இல் இறந்தபோது, தந்தைவழிப் படத்தில் அவருடைய கிளை முற்றுப்பெறுகிறது. அடுத்த ஆண்டு தொடங்கிய ஸ்பானிய வாரிசுரிமைப் போரில் உரிமை கோரியவர்களோ பெண்கள் வழியாக வந்தவர்கள். பிரான்சின் தரப்பில் நின்ற பிலிப், சார்லஸின் தமக்கையான மரியா தெரேசாவின் பேரன். ஆஸ்திரியாவின் தரப்பில் நின்ற சார்லஸ், முன்னர்க் கூறப்பட்ட மரியா ஆனாவின் பேரன். மகள்களை நீக்கி வரையப்பட்ட படத்தைக் கொண்டு இப்போரின் காரணத்தை அறிய இயலாது.

தமிழ்நாட்டில் இச்செய்தி இன்றைய சொத்துரிமையுடன் தொடர்புடையது. இந்து வாரிசுரிமைச் சட்டத்தில் தமிழ்நாடு அரசு செய்த திருத்தம், 25 மார்ச் 1989 முதல், அந்நாளில் மணமாகாதிருந்த மகள்களுக்குக் கூட்டுக் குடும்பச் சொத்தில் மகன்களுக்கு இணையான பங்குரிமை அளித்தது. நடுவண் அரசின் 2005 ஆம் ஆண்டுத் திருத்தம் இவ்வுரிமையை நாடு முழுவதும் விரிவாக்கியது. இவ்வுரிமை பிறப்பால் வருவது என்றும், 2005 இல் தந்தை உயிருடன் இருந்திருக்க வேண்டும் என்பதில்லை என்றும் உச்ச நீதிமன்றம் 2020 இல் தீர்ப்பளித்தது. ஆண்களை மட்டும் கொண்ட பழைய கொடிவழி இன்று பாகப்பிரிவினைக்கு அடிப்படையானால், பங்குக்கு உரியவர்கள் விடுபட வாய்ப்புண்டு.

மருத்துவத்தில் பயன்பாடு

பரம்பரை நோய்களை ஆராய மருத்துவர்கள் வரையும் படத்தில் பின்வரும் குறியீடுகள் வழங்குகின்றன:

- சதுரம்: ஆண்
- வட்டம்: பெண்
- சாய்சதுரம்: பால் குறிப்பிடப்படாதவர்
- நிழலிட்ட குறி: நோயுற்றவர்
- குறியின் குறுக்கே சாய்கோடு: இறந்தவர்
- இரட்டைக் கிடைக்கோடு: இரத்த உறவுக்குள் மணந்த இணையர்
- அம்புக்குறி: எவரைக் கொண்டு குடும்பம் ஆய்வுக்கு வந்ததோ அவர்

இக்குறியீடுகளை மருத்துவர்கள் வெவ்வேறு விதமாகக் கையாண்டமையால், அமெரிக்க மரபியல் ஆலோசகர்கள் 1995 ஆம் ஆண்டில் தரப்படுத்தப்பட்ட தொகுப்பு ஒன்றை வெளியிட்டனர். 2008 இலும் 2022 இலும் அது திருத்தப்பட்டது.

பிரித்தானிய அரசி விக்டோரியாவின் வழித்தோன்றல் படம் பாடநூல்களில் பெரிதும் இடம்பெறுவது. அவருடைய மகன் லியோபோல்டு குருதி உறையாமை நோயால் பாதிக்கப்பட்டார். மகள்களான ஆலிசும் பியாட்ரிசும் நோயின்றி அதைக் கடத்துபவர்களாக இருந்தனர். ஆலிசின் மகள் வழியாக உருசிய இளவரசர் அலெக்சிக்கும், பியாட்ரிசின் மகள் வழியாக ஸ்பானிய அரச குடும்பத்துக்கும் இந்நோய் சென்றது. உருசிய அரச குடும்பத்தினரின் எலும்புகளில் மேற்கொண்ட மரபணு ஆய்வு, இது பி வகைக் குருதி உறையாமை என்பதை 2009 இல் உறுதி செய்தது. நோயுற்ற ஆண்களுக்கிடையே நிற்கும் பெண்களைப் படத்திலிருந்து நீக்கினால், இந்நோய் மூன்று நாடுகளில் தொடர்பின்றித் தோன்றியதாகவே தெரியும்.

மானிடவியலில் பயன்பாடு

மானிடவியலாளர் வரையும் உறவுமுறைப் படங்களில் முக்கோணம் ஆணையும், வட்டம் பெண்ணையும், சமக்குறி திருமணத்தையும் குறிக்கும். இத்துறையில் கொடிவழி திரட்டுதலை ஒரு முறையாக வகுத்தவர் வில்லியம் ரிவர்சு ஆவார். 1898 ஆம் ஆண்டு டொரெசு நீரிணைத் தீவுகளில் இதைத் தொடங்கிய அவர், பின்னர் நீலகிரியில் தோடர்களிடையே ஆய்வு செய்து 1906 இல் நூல் வெளியிட்டார். அக்காலத்தில் தோடர்களிடையே உடன்பிறந்த ஆண்கள் ஒரே பெண்ணை மணக்கும் வழக்கம் இருந்தது. பெண் கருவுற்றிருக்கும்போது அவளுக்கு வில்லும் அம்பும் அளிக்கும் சடங்கைச் செய்தவரே குழந்தையின் தந்தையாகக் கொள்ளப்பட்டார். ஆகவே தோடர் கொடிவழியில் தந்தையையும் பிள்ளையையும் இணைக்கும் கோடு சமூகம் ஏற்ற தந்தைமையைக் குறிக்கிறது. உயிரியல் தந்தைமையை அன்று. எந்தப் படத்திலும் கோடு எதைக் குறிக்கிறது என்பது கூறப்பட வேண்டும் என்பதற்கு இது சிறந்த சான்றாகும்.

லூயிசு என்றி மார்கன் 1871 இல் வெளியிட்ட உறவுமுறை ஆய்வில் தமிழ் உறவுச் சொற்களும் இடம்பெற்றன. ஆங்கிலத்தில் ஒரே சொல்லால் குறிக்கப்படும் உறவினர் தமிழில் இரு பிரிவினர் ஆகின்றனர். பெரியப்பா, சித்தப்பா, பெரியம்மா, சித்தி ஆகியோரின் மக்கள் உடன்பிறந்தோராகக் கருதப்பட்டு அண்ணன், தம்பி, அக்காள், தங்கை என அழைக்கப்படுகின்றனர். மாமன், அத்தை ஆகியோரின் மக்களோ மணமுறை உடையவர்கள். இதைப் படத்தில் எளிதாகக் காணலாம். இருவரின் பெற்றோர் தலைமுறையில் உடன்பிறப்புக் கோடு இரு முக்கோணங்களையோ இரு வட்டங்களையோ இணைத்தால் அவர்கள் உடன்பிறந்தோர் முறையினர். அக்கோடு ஒரு முக்கோணத்தையும் ஒரு வட்டத்தையும் இணைத்தால் அவர்கள் மணமுறையினர். ஆண், பெண் வேறுபாட்டைக் காட்டாமல் பெயர்களை மட்டும் கட்டங்களில் எழுதும் படத்திலிருந்து இவ்வேறுபாட்டை அறிதல் கடினம்.

தவறான பயன்பாடு

கொடிவழிப் படம் சான்று போலத் தோற்றமளிப்பதால் தீய நோக்கங்களுக்கும் பயன்பட்டுள்ளது. அமெரிக்க உளவியலாளர் என்றி கொடார்டு 1912 இல் வெளியிட்ட நூலில், அறிவுக் குறைபாடு பரம்பரையாக வருகிறது என்று நிறுவ ஒரு குடும்பத்தின் படங்களை வெளியிட்டார். இறந்துபோனவர்களையும் செவிவழிச் செய்திகளைக் கொண்டு வகைப்படுத்திய இவ்வாய்வு பின்னர் மறுக்கப்பட்டது. நாசி செருமனி 1935 இல் இயற்றிய நியூரம்பெர்க் சட்டங்களை விளக்கிய சுவரொட்டிகளில் பாட்டன், பாட்டியர் வெள்ளை, கறுப்பு வட்டங்களாகக் காட்டப்பட்டனர். நால்வரில் மூவரோ அதற்கு மேற்பட்டோரோ யூதர் என்றால் அவர் யூதராக வகைப்படுத்தப்பட்டுக் குடியுரிமையை இழந்தார்.

கணினிவழி வரைதல்

குடும்பத் தரவுகளை மென்பொருள்களுக்கிடையே பரிமாறிக்கொள்ள கெட்காம் என்னும் கோப்பு வடிவம் பயன்படுகிறது. பிந்நாள் புனிதர்களின் இயேசு கிறிஸ்து திருச்சபை இதை 1984 இல் உருவாக்கியது. இதில் ஆள், குடும்பம் என இரு வகைப் பதிவுகள் உள்ளன. பிள்ளைகள் நேரடியாகத் தந்தையுடனோ தாயுடனோ இணைக்கப்படாமல் குடும்பப் பதிவுடன் இணைக்கப்படுகின்றனர். இதனால் ஒருவருக்கு இரு திருமணங்கள் இருந்தால் எந்தப் பிள்ளை எத்திருமணத்துக்குரியது என்பது தெளிவாகிறது. நான்காம் பிலிப்புக்கு முதல் மனைவி வழியாக மரியா தெரேசாவும் இரண்டாம் மனைவி வழியாகச் சார்லஸும் பிறந்ததை இவ்வாறே காட்ட வேண்டும். 2021 இல் வெளியான 7.0 பதிப்பு ஒருங்குறியை அடிப்படையாகக் கொண்டிருப்பதால் தமிழ்ப் பெயர்களைத் தமிழிலேயே பதிய இயலும். கிராம்ப்சு என்பது இத்துறையில் உள்ள கட்டற்ற மென்பொருள் ஆகும்.

கோடுகள் ஒன்றையொன்று வெட்டாமல் பெரிய குடும்பம் ஒன்றை முழுமையாக வரைதல் பெரும்பாலும் இயலாது. இதைக் கருத்திற்கொண்டு மைக்கேல் மெக்கபின், ரவின் பாலகிருஷ்ணன் ஆகியோர் 2005 இல் இரட்டை மரம் என்னும் முறையை முன்வைத்தனர். இதில் ஒருவரின் மூதாதையர் மரமும் மற்றொருவரின் வழித்தோன்றல் மரமும் இணைத்துக் காட்டப்படுகின்றன. பயனர் தெரிவு செய்வதற்கேற்ப மரங்கள் விரிந்து சுருங்கும்.

வடிவமைப்பில் கவனிக்க வேண்டியவை

- படத்தின் நோக்கத்தை முதலில் முடிவு செய்தல். வாரிசுரிமைக்கு வழித்தோன்றல் படமும், நோய் ஆய்வுக்கு இருபுற உறவினரையும் கொண்ட படமும் ஏற்றவை.
- ஒரே தலைமுறையினரை ஒரே கிடைமட்டத்தில் அமைத்தல். தாய்மாமன் திருமணத்தில் கணவனும் மனைவியும் வெவ்வேறு தலைமுறையினர் என்பதால், கோட்டைச் சாய்த்து வரைவதா, ஒருவரை இடம் மாற்றுவதா என்பதைத் தீர்மானித்து, படம் முழுவதும் அதையே பின்பற்றுதல்.
- ஒருவர் இருமுறை வர நேர்ந்தால் இரு இடங்களிலும் ஒரே எண்ணை இடுதல்.
- பிறப்பு, தத்து, வளர்ப்பு ஆகிய உறவுகளை வெவ்வேறு வகைக் கோடுகளால் காட்டுதல்.
- உறுதியான செய்தியையும் வாய்மொழியாகக் கேட்டதையும் வேறுபடுத்தி, ஒவ்வொன்றுக்கும் ஆதாரத்தைக் குறித்தல்.
- அறியப்படாதவருக்கு வெற்றுக் குறி இடுதல். இடமே விடாமல் சென்றால் அப்படி ஒருவர் இருந்ததே இல்லை என்று பொருள்படும்.
- பிறந்த ஆண்டை எழுதுதல். தமிழ்க் குடும்பங்களில் பாட்டனின் பெயரைப் பேரனுக்கு இடும் வழக்கம் உள்ளது. பெயரன் என்னும் சொல்லும் இதனோடு தொடர்புடையது. நிலையான குடும்பப் பெயரும் பலருக்கு இல்லை. தந்தையின் பெயரே முன்னெழுத்தாகிறது. எனவே பெயரை மட்டும் கொண்டு ஒருவரை அடையாளம் காண இயலாது.
- உயிருடன் இருப்போரின் நோய், தத்து, பிறந்த நாள் முதலிய செய்திகளை அவர்களின் ஒப்புதலின்றி வெளியிடாதிருத்தல். பல மென்பொருள்களில் இவற்றை மறைத்துப் படம் அச்சிடும் வசதி உள்ளது.